பெருக்கல் குறி போட்ட குக்கர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு 5 லிட்டர் பிரஷர் குக்கர் இருக்கிறது. மூடியிலும் அடியிலும் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். மறந்துபோய்க்கூட யாரும் அதைச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது. பொங்கலுக்கு வந்த மகள், "என்னப்பா இது, குக்கருக்கு ஃபெயில் மார்க் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அவளுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியும் இதில் இருக்கிறது.

என்னுடைய மாருதி 800-ஐப் பற்றி ஏற்கெனவே இரண்டு மூன்று முறை எழுதிவிட்டேன். 2010-இல் வாங்கியது. 15 வருடம் முடிந்து, ஆர்.சி.யைப் புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாருதி நிறுவனமே 2014 ஜனவரியோடு அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திவிட்டது. நான் நிறுத்துவதாக இல்லை. பென்ஷன்காரனுக்கு அதுவும் ஒரு பேரப்பிள்ளை மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். 2016 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் ரேடியேட்டர் தண்ணீரை நானே மாற்றினேன். தண்ணீர் என்று சொல்வது பழக்கதோஷம். அது கூலண்ட். பச்சை நிறத்தில், கொஞ்சம் எண்ணெய்ப் பதமாக இருக்கும். மெக்கானிக்குக் கொடுக்கும் 300 ரூபாயை மிச்சம் பிடிக்கிறேன் என்று, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றினேன். நான் வைத்த பிளாஸ்டிக் பேசினில் பாதிதான் விழுந்தது. மீதி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் பட்டுச் சிதறி, சிமெண்ட் வாய்க்காலில் ஓடி, வேப்பமரத்தடியில் தேங்கியது. பேசினில் இருந்ததையும் அதே வாய்க்காலில்தான் கொட்டினேன். ஊரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான் செய்வார்கள். அதனால் அதில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

எங்கள் தெருவில் கருப்பி என்று ஒரு நாய் இருந்தது. யாருடைய நாயும் இல்லை, எல்லாருடைய நாயும்தான். பௌர்ணமி அன்று கிரிவலம் வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, மற்ற நாட்களில் எங்கள் வீட்டுப் பழைய சோற்றுக்கு வரும். பகலில் என் வண்டிக்கு அடியில்தான் தூக்கம். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. வேப்பமரத்தடியில் தேங்கியிருந்ததைக் கருப்பி நக்கிக் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். தாகம் போல என்று நினைத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன்.

சாயங்காலம் அது தள்ளாடித் தள்ளாடி நடந்தது. பின்னங்கால் ஒரு பக்கம் இழுத்தது. தெருப்பிள்ளைகள், "கருப்பி தண்ணி போட்டிருக்குடா" என்று சிரித்தார்கள். ராத்திரி வாந்தி. மறுநாள் எழுந்து நன்றாக நடமாடியது. சரி, வெயில் மயக்கம் என்று விட்டுவிட்டோம். அதற்கு அடுத்த நாள் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை என் வண்டிக்கு அடியில் செத்துக் கிடந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் கோழி வளர்ப்பவர். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு கருப்பி அவருடைய கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. "இதுக்கு ஒரு நாளு மருந்து வெச்சாத்தான் சரிப்படும்" என்று அவர் தெருவில் நின்று கத்தியதை நான் கேட்டிருக்கிறேன். வேறென்ன வேண்டும்? முடிவு கட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடையில் மட்டும், "வாயில்லா ஜீவனுக்கு மருந்து வைக்கிற மனுசங்ககூடவா ஒரே தெருவில் இருக்கணும்" என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும். அதன் பிறகு 9 வருடம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் வீட்டில் நடந்த பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து. அதில் 48 சதவீதத்துக்கு மேல் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், சிறுநீரகம் செயலிழந்து போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பெயரில் ஏதோ இடறியது. எங்கேயோ பார்த்த பெயர். எழுந்து போய் ஷெட்டில் இருந்த கூலண்ட் கேனைத் திருப்பிப் பார்த்தேன். எத்திலீன் கிளைக்கால் என்று போட்டிருந்தது.

நான் இயற்பியல் வாத்தியார். வேதியியலில் சந்தேகம் வந்தால் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பருக்குப் போன் போடுவேன். "ரெண்டும் அண்ணன் தம்பிங்க சார். ரெண்டும் இனிக்கும், ரெண்டும் கிட்னியைத்தான் பிடிக்கும்" என்றார். அமெரிக்காவில் 1937-இலேயே இந்த அண்ணன்காரனைக் கலந்த ஒரு மருந்தால் நூறு பேருக்கு மேல் செத்து, அதன் பிறகுதான் அடுத்த வருடம் அங்கே மருந்துச் சட்டத்தையே இறுக்கினார்கள் என்றும் சொன்னார். 88 வருடம் கழித்தும் அதே விஷம், அதே இனிப்பு. இருமல் மருந்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு "இனிக்கும்" என்ற சொல்லைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை.

கிரிவலப் பாதையில் காலையில் என்னோடு நடக்கிற ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார், அவரும் ஓய்வுபெற்றவர்தான். மறுநாள் ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தாண்டி வாயு லிங்கம் போகிற வழியில் அவரிடம், வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அவர் நடந்துகொண்டே சொன்னார்: "முதல்ல குடிச்ச மாதிரி தள்ளாடும். அப்புறம் ஒரு நாள் நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அந்த ஒரு நாள்லதான் எல்லாரும் ஏமாந்துபோவாங்க. அதுக்குள்ள ஈரல் அந்த கிளைக்காலை ஆக்சாலிக் அமிலமா மாத்தி, கிட்னியில கல்லு கல்லா படியவெச்சிடும்." ஒரு கிலோ எடைக்கு 5 மில்லி அளவு போதுமாம் நாய்க்கு. கருப்பி 12 கிலோ இருந்திருக்கும். அதற்கு 60 மில்லி. பாதி தண்ணீர் கலந்தது என்றாலும் ஒரு டீ டம்ளருக்குள் முடிந்துவிடும் கணக்கு.

முறிவு மருந்தும் உண்டாம். சில மணி நேரத்துக்குள் சாராயத்தை அளவாக ஏற்ற வேண்டும். கிளைக்காலைச் சிதைக்கிற அதே நொதியைச் சாராயம் பிடித்து வைத்துக்கொள்ளும், கிளைக்கால் மாறாமல் சிறுநீரில் போய்விடும். தண்ணி போட்டிருக்கிறது என்று சிரித்தோமே, அப்போது உண்மையிலேயே தண்ணிதான் அதற்கு மருந்து.

இதற்கு நிரூபணம் எதுவும் என்னிடம் இல்லை. வெயிலில் செத்திருக்கலாம், பாம்பு கடித்திருக்கலாம். ஆனால் தேர்வுத்தாளில் ஒரு மாணவன் இந்த விவரங்களை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "எதிர்வீட்டுக்காரர்" என்று விடை எழுதியிருந்தால் நான் முட்டைதான் போட்டிருப்பேன்.

அடுத்த நாள் வண்டியின் பானட்டைத் திறந்தேன். கூலண்ட் பாட்டிலில் அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் ஊற்றியிருந்தேன். ஆறு மாதமாகவே, குறைவதும் ஊற்றுவதுமாக இருந்தது. பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டேன். எங்கேயோ சொட்டுகிறது. எங்கே சொட்டும்? வண்டிக்கு அடியில். வண்டிக்கு அடியில் அப்போது ஒரு தாய் நாயும் நான்கு குட்டிகளும் இருந்தன.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கசிவைப் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு முன் பழைய கூலண்டை அங்கே இருக்கும் சாக்கடையில் திறந்துவிடுவார்கள். அங்கேயும் நாய் இருக்கிறது, மாடு இருக்கிறது. ஒரு சொட்டு தரையில் விழாமல் எடுக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. அதற்கு வெற்றிடம் வேண்டும், அதாவது வேக்குவம் பம்ப்.

கடையில் விலை கேட்டால் தலை சுற்றியது. எங்கள் பழைய ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்து, "கேஸ் லைன் முழுக்க ஓட்டை சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொன்ன தம்பிதான் வழி காட்டினார். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரே ஒரு வேக்குவம் பம்ப்தான். ஒரு குழாயில் இழுக்கும், இன்னொரு குழாயில் தள்ளும். அதை ரிலேயோடு கழற்றி, ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தார். தன்னுடைய நீல நிற கேஜையும் இரவல் தந்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க சார். உள்ள ஒரு மடக்கு தண்ணி போனாலும் கம்ப்ரஸர் செத்துப்போயிடும்" என்றார்.

ஆகவே நடுவில் ஒரு பாத்திரம் வேண்டும். இழுபடும் கூலண்ட் அதில் விழ வேண்டும், காற்று மட்டும் பம்புக்குப் போக வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தடித்த கண்ணாடிக் குடுவை வைத்திருந்தோம். வீட்டில் இருக்கும் பாட்டிலை வைத்தால் உள்பக்கமாக வெடித்து முகத்தில் தெறிக்கும். தேடித் தேடி அடுக்களையில் வந்து நின்றேன்.

குக்கரில் இரண்டு ஜாதி உண்டு. மூடி உள்ளே நுழைந்து பூட்டுவது ஒன்று, வெளியே கவிழ்ந்து பூட்டுவது இன்னொன்று. நமக்கு ஆவது இரண்டாவது. உள்ளே காற்றை எடுத்தால் வெளிக்காற்று மூடியை அழுத்தி, காஸ்கட்டில் இன்னும் இறுக்கமாக உட்காரவைக்கும். உள்மூடிக் குக்கரில் அதே காற்று மூடியை உள்ளே தள்ளித் திறந்துவிடும். விசில் உட்காரும் குழாயில் பம்பின் டியூபை மாட்டினேன். சேஃப்டி வால்வைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பித்தளை நிப்பிள். அது கூலண்ட் உள்ளே வரும் வழி. புதுக் குக்கர் வாங்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்காத குறைதான், அப்புறம்தான் மனைவி கையிலிருந்து அது வந்தது.

முதலில் வெறும் குக்கரை இழுத்துப் பார்த்தேன். கேஜ் முள் 25 அங்குலத்துக்குப் போனது. பம்பை நிறுத்தி டியூபை மடித்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப மூடியைத் திற பார்க்கலாம்" என்றேன். 38 வருடமாகக் குக்கர் திறக்கிற கை. அசையவில்லை. ஜெர்மனியில் ஓட்டோ வான் குவெரிக்கே என்பவர் 1650-களில் இரண்டு செப்பு அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளை விட்டு இழுக்கச் சொன்ன கதையை ஆரம்பித்தேன். "பால் பொங்குது" என்று போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

வேலையை ஆரம்பித்தது ஒரு விடியற்காலை. இதற்குக் காரணம் உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெற்றிடத்தில் இன்னொரு சங்கடம், வெதுவெதுப்பான திரவம்கூடக் கொதித்து ஆவியாகிப் பம்புக்குள் போய்விடும். ராத்திரி முழுக்க ஆறிய வண்டிதான் சரி.

கூலண்ட் பாட்டிலில் இருந்ததைச் சின்ன டியூப் விட்டு உறிஞ்சியது ஒரு நிமிட வேலை. ரேடியேட்டரில் இருப்பதுதான் சிரமம். மேல் வாயிலிருந்து டியூப் விட்டால் அடிவரை போகாது. அடித் திருகைக் கழற்றினால் 2016 கதைதான். என் வண்டியில் அந்தத் திருகின் வாயில் குழாய் மாட்டவும் வழியில்லை. அப்போதுதான் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டிய வித்தை நினைவுக்கு வந்தது. டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, அட்டையால் மூடித் தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் விழாது. இளநீர் உறிஞ்சும் குழலின் மேல்வாயை விரலால் அடைத்தால் அடியில் சொட்டாது. ரேடியேட்டரும் ஒரு பெரிய குழல்தானே?

துளை போட்ட ரப்பர் அடைப்பானை ரேடியேட்டரின் மேல் வாயில் இறுக்கி, பக்கத்தில் பாட்டிலுக்குப் போகும் சிறு குழாயைக் கிளிப்பால் நெரித்து, மேலேயிருந்து மெதுவாக இழுத்தேன். ரேடியேட்டரில் திரவம் அரை மீட்டர் உயரம்தான் நிற்கிறது. அதைத் தாங்க ஒன்றரை அங்குல வெற்றிடம் போதும். நான் 5 அங்குலம் வைத்துக்கொண்டேன். மேல் ஹோஸ் மெல்ல அமுங்கியது. கீழே படுத்து, பழைய பேப்பரைப் பரப்பி, அடித் திருகைக் கழற்றினேன்.

விழவில்லை. உள்ளே குபுகுபுவென்று காற்றுக் குமிழி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. டியூபோடு தயாராக வைத்திருந்த இன்னொரு அடைப்பானை அந்த ஓட்டையில் செருகினேன். பேப்பரில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு. 34 வருடம் வகுப்பில் செய்து காட்டியபோதெல்லாம் பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குத்தான் கைதட்ட வேண்டும் போல இருந்தது, கை காலியாக இல்லை.

அப்புறம் மேலே திறந்துவிட்டு, கீழ் டியூபைக் குக்கரில் மாட்டி இழுத்ததும் மொத்தமும் வந்துவிட்டது. 3 லிட்டர் 100 மில்லி. பழுப்பேறிய பச்சை. இரண்டு தடவை சுத்தத் தண்ணீர் ஊற்றி அலசி, அந்த அலசல் தண்ணீரையும் அதே மாதிரி எடுத்தேன். அதுவும் இனிக்கும்தானே.

இனிமேல்தான் முக்கியமான வேலை. அடித் திருகைப் போட்டு, காலியான ரேடியேட்டரை மேலிருந்து 20 அங்குலம் வரை இழுத்து, பம்பை நிறுத்தி, டியூபை அடைத்துவிட்டுக் கேஜைப் பார்த்தேன். ஹோஸ்கள் எல்லாம் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஓட்டை இல்லாவிட்டால் முள் அப்படியே நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் 12-க்கு இறங்கியது. சைக்கிள் டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனேன். இன்ஜினுக்குப் பின்னால், ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் அருகில் 'உஸ்' என்று மெல்லிய சத்தம். ரப்பர் வெடித்திருந்தது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை நான் ஒரு நாளும் போட்டதில்லை. போடாத ஹீட்டரின் ஹோஸ் ஆறு மாதமாக விஷத்தைச் சொட்டிக்கொண்டிருந்தது.

வெடித்த முனையை வெட்டி, புதுக் கிளாம்ப் போட்டு மறுபடி இழுத்தேன். ஒரு காபி குடித்து முடிக்கும்வரை முள் அசையவில்லை. புதுக் கூலண்ட் கேனில் டியூப் முனையைப் போட்டுத் திறந்ததும் வெளிக்காற்றே அதை உள்ளே தள்ளியது. ஒட்டிக்கிடந்த ஹோஸ்கள் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தன. காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

ஏன் மறுபடி அதே விஷத்தை ஊற்றினாய் என்று கேட்பீர்கள். மனைவியும் கேட்டாள். வெறும் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே துரு பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரில் ஒரு பக்கெட்டைக் காய வைத்தாலே அடியில் வெள்ளையாகப் படியும். புரோப்பிலீன் கிளைக்கால் என்று விஷம் குறைந்த வகை ஒன்று உண்டு, இங்கே நான் கேட்ட கடைகளில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில், நாயும் குழந்தையும் வாயில் வைக்க முடியாதபடி கூலண்டில் கசப்பு சேர்க்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கேயும் போட்டால் லிட்டருக்கு எவ்வளவு கூடிவிடும்?

எடுத்த கூலண்டும் அலசலும் இரண்டு கேன் நிறைய ஷெட்டில் பூட்டி வைத்திருக்கிறேன். 'விஷம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதை வாங்கிச் சுத்திகரிக்கிற இடம் எங்கள் பக்கத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் லட்சுமி பசுவின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். 1948-இல் கட்டியது. பக்கத்திலேயே ஒரு மானுக்கும் காகத்துக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. அந்தப் பக்கம் போய் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். இந்த முறை நிற்கப் பிடிக்கவில்லை. திரும்பி நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

மகளிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். 80-ஐத் தொட்டுவிட்டார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். "உக்காருங்கண்ணே" என்று நானும் தரையில் உட்கார்ந்தேன். வாய்க்கால், பச்சைத் தண்ணி, கருப்பி, டீக்கடை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வகுப்பில் பாடம் மறந்துபோன பையன் மாதிரி அங்கங்கே திக்கியது.

அவர் ரொம்ப நேரம் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நா வெச்சிட்டன்னு இந்தத் தெருவே சொல்லிச்சு வாத்தியாரே. எம் பேத்திகூட ஒரு நாளு கேட்டுச்சு, தாத்தா நீயா மருந்து வெச்சேன்னு" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்ணே."

உள்ளே இருந்து மருமகள் டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும் வரை அவர் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போதுதான், "அந்தக் குக்கரு பெரிய வண்டிக்கும் ஆவுமா?" என்று கேட்டார். பேரன் டாடா ஏஸ் ஓட்டுகிறானாம். தண்ணி மாத்தணும்னு ரெண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

குக்கர் 5 லிட்டர்தான், இரண்டு தடவையாக இழுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கேஜை மறுபடி இரவல் கேட்க வேண்டும்.